பங்கு போடுவது கவுன்சிலர் மட்டும்தானா?

சாலைக்கும் பஸ்ஸுக்கும் பொதுவாக ஒரு நிதி வைத்து, அதை எங்கே எப்படிச் செலவழிப்பது என்று சேலம், நாமக்கல் உள்ளாட்சிகளே கூடி முடிவு செய்யட்டும் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். டீக்கடையிலும் சரி, ஆட்சியர் அலுவலக வராந்தாவிலும் சரி, ஒரே பதில்தான் வரும்: "கவுன்சிலர்கள் கையில் கொடுத்தால் வார்டுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டு முடித்துவிடுவார்கள். இதெல்லாம் நிபுணர்கள் பார்க்க வேண்டிய வேலை. அரசாங்கமே பார்த்துக்கொள்ளட்டும்." படித்தவர்கள் இதையே கொஞ்சம் நாகரிகமாகச் சொல்வார்கள்: உள்ளாட்சிகளுக்குத் திறன் இல்லை, தொலைநோக்கு இல்லை, தங்களுக்குள் ஒத்துப்போகத் தெரியாது. கட்சி பேதமில்லாமல் வேரூன்றிவிட்ட கருத்து இது. கவுன்சிலர்களில் பலரே இதை நம்புகிறார்கள். நடந்ததைத் தலைகீழாகப் படித்ததால் வந்த முடிவு இது என்பதே என் வாதம்.

கேள்வி எவ்வளவு பெரியது என்பதை முதலில் பார்ப்போம். 2011 கணக்கெடுப்பின்படி சேலம் மாவட்டத்தில் ஏறத்தாழ 34.8 லட்சம் பேர், நாமக்கல்லில் 17.3 லட்சம் பேர். இரண்டும் சேர்ந்தால் அரைக் கோடிக்கு மேல். 1997-இல் நாமக்கல் தனி மாவட்டமானது. ஆனால் வேலைக்கும் கல்லூரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போகிறவர்கள் அந்தக் கோட்டைப் பார்த்து நடப்பதில்லை. ஆட்டையாம்பட்டியில் பஸ் ஏறித் திருச்செங்கோட்டில் இறங்குகிறவர், வழியில் மாவட்டம் மாறியதைக் கவனிப்பதே இல்லை. பள்ளிபாளையத்துக்காரருக்கு ஈரோடுதான் டவுன். குமாரபாளையத்துக்கும் பவானிக்கும் நடுவில் காவிரி மட்டும்தான். மக்கள் நடமாட்டம் ஒரே வலையாக இருக்கிறது. அதைப் பற்றிய முடிவுகளோ பத்துத் துண்டாகக் கிடக்கின்றன.

ஆண்டகளூர்கேட்டில் சற்று நேரம் நின்று பாருங்கள். எதிரே போகும் நான்குவழிச் சாலை தேசிய நெடுஞ்சாலை 44. அதற்கு உடைமைக்காரர் டெல்லி. ஊருக்குள் பிரிகிற பெரிய சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையுடையவை. அவற்றிலிருந்து கிளை பிரிகிறவை ஊராட்சி ஒன்றியத்துடையவை. அதிலும் கிளைத்து வீட்டு வாசலுக்குப் போவது கிராம ஊராட்சியுடையது. பஸ் போக்குவரத்துக் கழகத்துடையதாக இருக்கும், இல்லையென்றால் தனியாருடையது. எந்த வழியில் எத்தனை நடை என்று பெர்மிட் கொடுப்பது, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி வட்டாரப் போக்குவரத்து ஆணையம். நிழற்குடை எம்.எல்.ஏ. நிதியிலோ எம்.பி. நிதியிலோ வரும். நம் பக்கத்து நிழற்குடைகளின் லட்சணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஊர்ப் பெயரைவிட நிதி ஒதுக்கியவர் பெயர் பெரிதாக எழுதியிருக்கும். பஸ் அதற்கு முப்பது அடி தள்ளி நிற்கும். காத்திருக்கிறவர்கள் வேப்பமரத்தடியில் நிற்பார்கள். நிழற்குடைக்குள் யாருடைய டூவீலரோ நிழல் காயும்.

அரசமைப்புச் சட்டத்தின் 12-ஆவது அட்டவணை பேருந்து நிறுத்தங்களை நகராட்சிகளுக்கு உரியவை என்று பட்டியலிட்டிருக்கிறது. பேருந்தை அவர்களுக்குக் கொடுக்கவில்லை. பஸ் வருமா வராதா என்று சொல்ல முடியாத ஒருவரிடம், பஸ் ஸ்டாப் கட்டும் அதிகாரத்தைக் கொடுத்துவைத்திருக்கிறோம். அப்புறம் அவருக்குத் தொலைநோக்கு இல்லை என்கிறோம். இத்தனை துண்டுகளாகப் பங்கு போட்டது எந்தக் கவுன்சிலர்? டெல்லியும் சென்னையும் துறை துறையாகப் போட்ட பங்கு இது. வார்டு வாரியாகப் பிரித்தால் குற்றம், துறை வாரியாகப் பிரித்தால் நிர்வாகமா?

"மேலே இருப்பவர்கள் முழுப் படத்தையும் பார்க்கிறார்கள்" என்பது அடுத்த வாதம். இதைச் சோதித்துப் பார்க்கச் சேலத்தைப் போல வசதியான ஊர் கிடைக்காது. ஏனென்றால் இங்கே ஐந்தாண்டுக்கு மேல் கவுன்சிலரே இருக்கவில்லை. 2016 அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-இல்தான். பொலிவுறு நகரத் திட்டத்தில் சேலம் தேர்வானது 2016 செப்டம்பரில். ஒரு நகரத்துக்கு ஒன்றிய அரசு 500 கோடி, அதற்கு இணையாக மாநிலமும் உள்ளாட்சியும் 500 கோடி என்பது அந்தத் திட்டத்தின் கணக்கு. சேலம் மாநகராட்சி தன் வரலாற்றில் கண்ட பெரிய வாய்ப்புகளில் ஒன்று. அதை நடத்தத் தனிக் கம்பெனி அமைத்தார்கள். எதை இடிப்பது, எதைக் கட்டுவது என்பதெல்லாம் மன்றம் இல்லாத அந்த ஆண்டுகளில் அதிகாரிகள் மட்டத்திலேயே ஓடியது. பழைய பஸ் ஸ்டாண்டை இடித்து, போஸ் மைதானத்தில் தற்காலிக நிலையம் போட்டு, ஈரடுக்கு நிலையத்தை 2023 ஜூனில் திறந்தார்கள். ஐந்து ரோட்டை மையமாக வைத்து, 400 கோடிக்கு மேல் செலவில், ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளத்துக்கு எழுப்பிய ஈரடுக்கு மேம்பாலம் 2020 ஜூனில் திறக்கப்பட்டது. அன்றைக்கும் மாநகராட்சியில் ஒரு மாமன்ற உறுப்பினர்கூட இல்லை.

மேம்பாலம் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. காரிலும் லாரியிலும் ஊரைக் கடப்பவர்களுக்கு அது நிச்சயமாக உதவுகிறது. ஆனால் அந்த 400 கோடியில் எவ்வளவு பாலத்துக்கு, எவ்வளவு டவுன் பஸ்ஸுக்கு, எவ்வளவு நடைபாதைக்கு என்ற கேள்வியை எந்த மன்றத்திலும் யாரும் கேட்கவில்லை. கேட்கும் மன்றமே இல்லை. பாலத்துக்குப் பணம் ஒரு துறையில், பஸ்ஸுக்கு இன்னொரு துறையில், நடைபாதைக்கு மாநகராட்சியில். மூன்றையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கும் இடம் இந்த ஊரில் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. முழுப் படம் பார்க்கிறவர்கள் என்று நாம் நம்புகிறவர்கள் ஆளுக்கொரு மூலையைத்தான் பார்க்கிறார்கள்.

சென்னை–சேலம் எட்டுவழிச் சாலை இன்னும் பச்சையான உதாரணம். 277 கிலோமீட்டர், ஏறத்தாழ 10,000 கோடி ரூபாய், ஐந்து மாவட்டங்கள். 2018-இல் அளவைக்கல் நட வந்தபோதுதான் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கே விஷயம் தெரிந்தது. 2019 ஏப்ரல் 8-இல் உயர் நீதிமன்றம் நிலம் கையகப்படுத்தும் அறிவிக்கைகளை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8-இல் உச்ச நீதிமன்றம் புதிதாக அறிவிக்கை வெளியிட்டு நிலம் எடுக்கலாம் என்றது. நிபுணர்கள் வரைந்தார்கள், இரண்டு அரசுகள் ஆதரித்தன, நீதிமன்றப் படியும் ஏறி இறங்கியாயிற்று. சாலை மட்டும் வரவில்லை. வழியில் உள்ள ஊராட்சிகளை முதல் நாளே உட்காரவைத்துப் பேசியிருந்தால் வேறு பாதை கிடைத்திருக்கலாம், அல்லது இது தேவையில்லை என்று அப்போதே தெரிந்திருக்கலாம். இரண்டில் எது நடந்திருந்தாலும் நாட்டுக்கு லாபம்தான்.

திறன் இல்லை என்ற பேச்சுக்கு வருவோம். இந்த மாநிலத்தின் உள்ளாட்சிகள் ஒரு காலத்தில் ரயில் விட்டன. மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு 1894-இல் ஓடத் தொடங்கிய ரயில், தஞ்சாவூர் ஜில்லா போர்டு தன் எல்லைக்குள் வரி போட்டுச் சேர்த்த பணத்தில் வந்தது. ஓட்டத் தெரிந்த தென்னிந்திய ரயில்வேயிடம் ஓட்டுவதைக் கொடுத்தார்கள். எங்கே போட வேண்டும் என்ற முடிவைத் தங்களிடம் வைத்துக்கொண்டார்கள். நிபுணத்துவம் என்பது கூலிக்குக் கிடைக்கிற பொருள் என்பதை 130 ஆண்டுகளுக்கு முன்பே புரிந்துவைத்திருந்தவர்கள் அவர்கள். ராஜாஜி 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தார். பின்னாளில் மாகாணத்தின் முதல்வராகவும் நாட்டின் கவர்னர் ஜெனரலாகவும் ஆனவர் நிர்வாகம் பழகிய இடம் நம் ஊர் நகரசபை. அந்த நாற்காலிக்கு அன்றைக்கு இருந்த மதிப்பை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு, இன்றைக்கு அதில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

பிடுங்கியது எப்படி என்பதற்குச் சாலை வரியே சாட்சி. ஜில்லா போர்டுகளும் நகராட்சிகளும் தங்கள் சாலையில் சுங்கம் வசூலித்துவந்தன. 1931-ஆம் ஆண்டு சென்னை மாகாண மோட்டார் வாகன வரிச் சட்டம், மோட்டார் வண்டிகள் மீதான அந்த உரிமையை மாகாண அரசுக்குக் கொண்டுபோனது. அதற்கு ஈடாக உள்ளாட்சிகளுக்கு இழப்பீடு என்று ஏற்பாடு. இன்றைய நிலை என்ன? லாரிக்குப் பாடி கட்டுவதில் நாடு முழுக்கப் பெயர் வாங்கிய ஊர் நாமக்கல். ரிக் வண்டி என்றால் திருச்செங்கோடு. முட்டை லாரியும் தீவன லாரியும் இரவு பகலாக ஓடும் மாவட்டம். இந்த வண்டிகளின் வரி மாநிலத்துக்குப் போகிறது. டீசல் மீதான சாலை வரி டெல்லிக்குப் போகிறது. வைகுந்தம், மேட்டுப்பட்டி, ஓமலூர், ராசம்பாளையம் டோல்கேட்டுகளில் கட்டும் பணத்தில் அந்தந்த ஊராட்சிக்குப் பங்கு கிடையாது. ஊருக்கு மிஞ்சுவது லாரி ஏறி உடைந்த கல்வெர்ட்.

மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் நூற்றுக்குப் பத்து உள்ளாட்சிகளுக்கு வருகிறதே என்பார்கள். வருகிறது. வாகன வரியும் அந்தப் பத்தில் கலந்துதான் இருக்கிறது. ஆனால் போக்குவரத்துக்கு என்று குறித்து வருவதில்லை. சம்பளம், ஓய்வூதியம், மின் கட்டணம் போக மிச்சமிருந்தால்தான் சாலை. கிராமப்புறப் பங்கில், ஐந்தாவது மாநில நிதி ஆணையத்தின் பகிர்வுப்படி, மாவட்ட ஊராட்சிக்கு நூற்றுக்கு எட்டுதான் இருந்தது. பல ஒன்றியங்களைத் தாண்டி யோசிக்க வேண்டிய அமைப்புக்கு எட்டு. ஒரு ஊருக்குள் யோசிக்கிற அமைப்புக்கு ஐம்பத்தைந்து. பணம் வரும் வாய்க்காலே வார்டு அளவில் வெட்டியிருந்தால், தண்ணீர் வேறெப்படிப் பாயும்? ஒரு கவுன்சிலருக்குக் கிடைப்பது ஒரு தெருவுக்குச் சிமெண்ட் போடும் அளவுப் பணம். அவர் ஒரு தெருவுக்குச் சிமெண்ட் போடுகிறார். இதில் குணக்கேடு எங்கே வந்தது?

எதிர்த்தரப்பின் கையில் ஒரு பலமான உதாரணம் உண்டு. ராசிபுரம். பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே அணைப்பாளையத்துக்குக் கொண்டுபோக நகராட்சி முடிவெடுத்தது. வியாபாரிகளும் பொதுமக்களும் எதிர்த்தார்கள். 2024-இல் கடையடைப்புவரை போனது. "பார்த்தீர்களா, உள்ளாட்சி கையில் கொடுத்தால் இதுதான்" என்கிறார்கள்.

இந்த உதாரணம் என் பக்கம்தான் பேசுகிறது. ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவர்களில் ராசிபுரத்தார் எத்தனை பேர்? வெண்ணந்தூர், நாமகிரிப்பேட்டை, குருசாமிபாளையம், பிள்ளாநல்லூர் என்று சுற்றுவட்டாரம் முழுக்க அங்கேதான் வந்து மாறுகிறது. நகராட்சித் தேர்தலில் அவர்களுக்கு ஓட்டு இல்லை. நிலையம் எங்கே இருந்தால் தங்களுக்கு ஒரு பஸ் மிச்சம், எங்கே இருந்தால் இரண்டாவது பஸ் ஏற வேண்டும் என்று சொல்ல அவர்களுக்கு ஒரு மேடையும் இல்லை. பலருக்குப் பொதுவான விஷயத்தில் ஒரு நகராட்சி தனியாக முடிவெடுத்தது என்பதுதான் அங்கே கோளாறு. அதைச் சரிசெய்ய, பாதிக்கப்படும் எல்லா உள்ளாட்சிகளையும் ஒரே மேஜையில் உட்காரவைக்க வேண்டும். முடிவைச் சென்னைக்கு அனுப்பினால், ராசிபுரத்தில் இல்லாத குரல் கோட்டையில் மட்டும் எப்படிக் கேட்கும்? நாமக்கல்லில் 2024 அக்டோபரில் முதலைப்பட்டியில் புதிய பேருந்து நிலையம் திறந்தபோதும் இதே கேள்விதான் எழுந்தது. பழைய நிலையத்துக்கும் புதிய நிலையத்துக்கும் நடுவே ஓடும் டவுன் பஸ்ஸை யார் முடிவு செய்வது? கட்டடம் மாநகராட்சியுடையது, பஸ் கழகத்துடையது.

அப்படி ஒரு மேஜை புதிதாகச் செய்ய வேண்டியதுமில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 243-இசட்.டி. பிரிவு மாவட்டத் திட்டக் குழுவைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் பொதுவான விஷயங்கள், உள்கட்டமைப்பை ஒருங்கிணைத்து வளர்ப்பது ஆகியவற்றை அந்தக் குழு கவனிக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஐந்தில் நான்கு பங்கு உறுப்பினர்கள் மாவட்ட ஊராட்சியிலிருந்தும் நகர்ப்புற மன்றங்களிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். தமிழ்நாட்டில் 2023 ஜூனில் இதற்குத் தேர்தலும் நடந்தது. அப்போது ஆள் வந்தார்கள், நாற்காலி போட்டார்கள், கையில் பணம் மட்டும் இல்லை. செலவழிக்கப் பணம் இல்லாத திட்டக் குழு தீர்மானம் போட்டு டீ குடித்துக் கலையும். பிறகு அதையும் திறமையின்மைக்கு ஆதாரமாகக் காட்டுவார்கள்.

வேறு இடங்களில் இதை எப்படிச் செய்கிறார்கள்? அமெரிக்காவில் 1962-ஆம் ஆண்டுச் சட்டம், 50,000 பேருக்கு மேல் வாழும் நகர்ப்பகுதிகளில் மாநிலமும் உள்ளூர் மன்றங்களும் சேர்ந்து போட்ட திட்டம் இருந்தால்தான் மத்தியச் சாலைப் பணம் என்றது. 1973-இல் அந்தக் கூட்டுத் திட்டமிடலுக்கென்றே சாலை நிதியில் ஒரு சிறு பங்கை ஒதுக்கினார்கள். ஆள் எண்ணிக்கை மட்டும் அளவுகோல் என்றால் திருச்செங்கோடு, குமாரபாளையம், ஆத்தூர்கூட அதில் தேறும். நம் மாநிலத்தில் சென்னைக்கென்று ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் உண்டு. 2011-இல் சேலம் மாநகராட்சியின் மக்கள்தொகை 8.29 லட்சம். பத்து லட்சம் இல்லாததால் பெருநகரத் திட்டக் குழுவும் கிடையாது. நடுத்தர நகரத்துக்காரன் எந்தக் கணக்கிலும் வராதவன்.

கடல் தாண்ட வேண்டாம் என்றால் வாளையாறு தாண்டினால் போதும். 1996-இல் கேரளம் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடுவரை உள்ளாட்சிகளிடம் கொடுத்தது. சாலைப் பராமரிப்புக்கென்று தனியாகவும் அங்கே நிதி போகிறது. தொடக்க ஆண்டுகளில் வார்டு வார்டாகப் பணம் சிதறியது என்ற விமர்சனம் அங்கேயும் எழுந்தது, அதில் உண்மையும் இருந்தது. அதற்காகப் பணத்தைத் திரும்பப் பிடுங்கவில்லை. ஓய்வுபெற்ற பொறியாளர்களையும் வல்லுநர்களையும் சேர்த்துத் தொழில்நுட்பக் குழுக்கள் அமைத்துத் திட்டங்களைச் சரிபார்த்தார்கள். இங்கேயும் ஆளுக்குப் பஞ்சமில்லை. கருப்பூரில் 1966 முதல் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. எந்தச் சாலையில் எந்த நேரத்தில் எத்தனை பஸ், எத்தனை லாரி, எத்தனை பேர் நடந்து போகிறார்கள் என்று எண்ணிக்கொடுக்க அந்த மாணவர்கள் போதும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சொல்கிற ஊர்க்காரர்கள் நாம். சாலையில் போடுவதை மட்டும் அளக்காமலே போட்டுக்கொண்டிருக்கிறோம்.

கமிஷன் அடிப்பார்களே என்று கடைசியாகக் கேட்பார்கள். அடிக்கலாம். அந்தப் பழக்கம் கவுன்சிலரோடு பிறந்ததல்ல, மேலே போகப் போகக் குறைவதும் அல்ல. ஒரு வித்தியாசம் உண்டு. ஊராட்சித் தலைவர் போட்ட சாலை மூன்றாம் மாதம் பெயர்ந்தால், அவர் வீட்டு வாசலில் போய்க் கேட்க முடியும். கிராமசபையில் எழுந்து கேட்க முடியும். சென்னையில் இறுதியான டெண்டரைப் பற்றி ஆண்டகளூர்கேட்டில் நிற்கிறவர் யாரிடம் கேட்பார்?

"சேலம் மாநகராட்சி எல்லாவற்றையும் விழுங்கிவிடும்" என்ற அச்சம் நியாயமானது. வார்டு பங்கு பற்றிய கவலையும் முழுக்கப் பொய்யில்லை. இரண்டுக்கும் மருந்து விதியில் இருக்கிறது. இரண்டு மாவட்டங்களிலும் வசூலாகும் வாகன வரியில் நூற்றுக்குப் பத்தை ஒரு கூட்டுப் போக்குவரத்து நிதியாக ஒதுக்கட்டும். இரண்டு மாவட்டத் திட்டக் குழுக்களும் சேர்ந்து அதை நடத்தட்டும். எந்த ஒரு உள்ளாட்சிக்கும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஓட்டு வேண்டாம். ஒரே உள்ளாட்சியின் எல்லைக்குள் தொடங்கி முடிகிற எந்த வேலைக்கும் இந்த நிதியிலிருந்து ஒரு ரூபாய் கிடையாது என்று எழுதிவைக்கட்டும். இரண்டு உள்ளாட்சிகளையாவது இணைக்கும் சாலை, பஸ் வழி, பாலம், மாறும் நிலையம் மட்டுமே தகுதி. இந்த ஒரு விதி இருந்தால் வார்டு பங்கு கேட்க நினைத்தாலும் முடியாது. பக்கத்து ஊர்க்காரரோடு பேசினால்தான் பணம் என்றால் பேசிவிடுவார்கள். முதல் ஆண்டுப் பணத்தில் ஒரு பகுதியை எண்ணிக்கைக்கும் கணக்கெடுப்புக்கும் மட்டும் செலவழிக்கட்டும். மதிப்பீடும் தீர்மானமும் அவரவர் ஊர்ப் பலகையில் ஒட்டப்படட்டும். தேசிய நெடுஞ்சாலையும் பெரிய மேம்பாலமும் உரிய துறைகளிடமே இருக்கட்டும். ஆனால் அவையும் இந்தக் குழுவின் கருத்தை எழுத்தில் பெறாமல் வேலை தொடங்கக் கூடாது.

இவ்வளவுக்கும் அடிப்படை, மன்றம் இருக்க வேண்டும். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, சேலம், நாமக்கல் ஊராட்சிகள் தனி அலுவலர்களிடம் போயின. மாவட்ட ஊராட்சித் தலைவர் இல்லையென்றால் அவர் தலைமை தாங்க வேண்டிய திட்டக் குழுவும் ஊமைதான். 2016-இலும் இதே கதை, அன்றைக்கு ஆண்டது வேறு கட்சி. தேர்தலைத் தள்ளிப்போடுவதில் இரண்டு கழகங்களுக்கும் ஒற்றுமை உண்டு. முதலில் மன்றத்தைக் காலி செய்வார்கள், அதிலிருந்த அதிகாரத்தைத் துறைகளுக்கு மாற்றுவார்கள், பின்பு உள்ளாட்சிக்குத் திறன் இல்லை என்பார்கள்.

எனவே அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் தெருவுக்குச் சிமெண்ட் கேட்காதீர்கள். பக்கத்து ஊராட்சியோடு சேர்ந்து எந்த பஸ் வழிக்கு, எந்த இணைப்புச் சாலைக்கு நீ வாதாடுவாய் என்று கேளுங்கள். சட்டமன்றத்துக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், எங்கள் வண்டி கட்டிய வரியில் எங்கள் பங்கை எங்கள் திட்டக் குழுவுக்கு எப்போது தருவாய் என்று கேளுங்கள். "கவுன்சிலர்கள் பங்கு போட்டுவிடுவார்கள்" என்று அவர் சொன்னால், ஆண்டுக்கு மூன்று கோடி தொகுதி நிதியைக் கையில் வைத்துக்கொண்டு நிழற்குடையில் பெயர் எழுதிக்கொள்கிறவர்தான் அதைச் சொல்கிறார் என்பதை மறக்காமல் நினைவுபடுத்துங்கள்.